சுவீப் டிக்கட்டும் சராசரிக் கணக்கும்: ஒரு சின்ன வரலாறு



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணையில் தரம் 10 பிள்ளைகளுக்கு நிகழ்தகவுப் பாடம் நடத்தினோம். ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தைச் சுண்டி, தலையா பூவா என்று கொப்பியில் குறிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்குத் தொடர்ந்து தலையே விழுந்துகொண்டிருந்தது. பின்வாங்கில் இருந்த மகன் ஒருவர் எழும்பிச் சொன்னார்: "சேர், இனி பூதான் விழோணும். இவ்வளவு நேரம் வராததுக்கு இப்ப முறை வந்திட்டு."

"யார் மகன் அப்படிச் சொன்னது?" என்று கேட்டோம்.

"அப்பாதான் சேர். சுவீப் நம்பரும் அப்பிடித்தானாம். கனநாளா வராத நம்பரைப் பாத்து எடுக்கோணுமாம்."

வகுப்பு சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் இதே நம்பிக்கையில் வீடு வளவை இழந்திருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

1913 ஆகஸ்ட் 18ஆம் திகதி. ஐரோப்பாவில் மொனாக்கோ என்ற சின்ன நாட்டில், மொன்டே கார்லோ சூதாட்ட மண்டபம். ரூலெட் சக்கரத்தில் சிவப்பும் கறுப்பும் உண்டு. அன்று இரவு குண்டு கறுப்பிலேயே விழத் தொடங்கியது. பத்துத் தடவை, பதினைந்து தடவை என்று கறுப்பே வந்தது. சனம் கூடியது. "இனி சிவப்புத்தான்" என்று ஆளுக்கு ஆள் பணத்தை இரட்டிப்பாக்கிச் சிவப்பில் வைத்தார்கள். குண்டு 26 தடவை தொடர்ந்து கறுப்பில் விழுந்தது. மண்டபத்துக்கு அன்று பெருத்த இலாபம். சக்கரத்தில் களவு எதுவும் இருக்கவில்லை. சக்கரத்துக்கு ஞாபகசக்தி இல்லை, அவ்வளவுதான். போன தடவை என்ன வந்தது என்று அதற்குத் தெரியாது. அந்த மகனுடைய நாணயத்துக்கும் தெரியாது.

சூது நம் பக்கத்துக்குப் புதிய விடயம் அல்ல. இங்கிருந்து கல்முனை வீதியால் போனால், மருதமுனைக்கு அடுத்தாற்போல் பாண்டிருப்பு. அங்கே திரௌபதி அம்மன் ஆலயத்தில் வருடாவருடம் பாரதக் கதை சடங்காக நடக்கிறது. பாண்டவர் வனவாசம் போகும் நாளில் வீதியெல்லாம் சனம். அந்த வனவாசத்துக்குக் காரணம் ஒரு சூதாட்டம். தருமர் நாட்டை இழந்தார், தம்பிமாரை இழந்தார், கடைசியில் மனைவியையும் வைத்து இழந்தார். ஒவ்வொரு தடவையும் அடுத்த உருட்டலில் மீட்டுவிடலாம் என்றுதான் அவர் நினைத்திருப்பார். மொன்டே கார்லோவில் நின்றவர்களும் அதைத்தான் நினைத்தார்கள்.

அதே பாரதத்துக்குள் நளன் கதையும் இருக்கிறது. நளனும் சூதில் நாட்டை இழந்தவன்தான். ஆனால் அந்தக் கதையில் இன்னொரு அரசனும் வருகிறான், இருதுபன்னன். நளன் அவனுக்குத் தேரோட்டியாக இருக்கும்போது, வழியில் ஒரு தான்றி மரத்தைக் காட்டி, அதன் இரண்டு கிளைகளில் எத்தனை இலை, எத்தனை காய் என்று இருதுபன்னன் சொல்லிவிடுகிறான். நளன் இறங்கி எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரி. எப்படி என்று கேட்டால், தனக்குச் சூதின் சாத்திரம் தெரியும், அதனால் எண்ணிலும் வல்லவன் என்கிறான் அரசன். திரிபலாவில் சேர்க்கிற தான்றிக்காய் எல்லோருக்கும் தெரியும். பழைய இந்தியாவில் அந்தக் காய்தான் சூதுக் காயாக உருட்டப்பட்டது. சூதுக்குள்ளே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது என்பதை அந்தக் கதையைச் சொன்னவர்கள் அன்றே உணர்ந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைக் கற்ற பிறகுதான் நளன் இழந்ததை மீட்கிறான்.

அரேபியாவிலும் இருந்தது. இஸ்லாத்துக்கு முந்திய காலத்தில் 'மைஸிர்' என்று ஒரு விளையாட்டு. ஒட்டகத்தை அறுத்துப் பங்கு போடுவார்கள். பத்து அம்புகள். ஏழு அம்புக்குப் பங்கு உண்டு, மூன்று வெறும் அம்பு. வெறும் அம்பு வந்தவர்கள் தலையில் ஒட்டகத்தின் விலை விழும். வென்றவர்கள் இறைச்சியைத் தாங்கள் வைத்துக்கொள்ளாமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமை தேடினார்கள் என்று தப்ஸீர் ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பட்டினிக் காலத்தில் அது ஏழைக்குச் சோறு. அப்படியிருந்தும் அல்குர்ஆன் அதைத் தடுத்தது. ஸூறதுல் பகறாவின் 219ஆம் வசனத்தில் அதில் சனங்களுக்குப் பயனே இல்லை என்று சொல்லப்படவில்லை. பயன் இருப்பதை ஒப்புக்கொண்டு, அதைவிடக் கேடு பெரிது என்றுதான் சொல்லப்படுகிறது. இரண்டு பக்கத்தையும் தராசில் வைத்துப் பார்க்கும் முறை அது. இந்தத் தராசை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

கணக்கு எப்படி வெளியில் வந்தது? 1654இல் பிரான்ஸில் பஸ்கால், பேர்மா என்ற இரண்டு கணித அறிஞர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினார்கள். பாதியில் நின்றுபோன ஒரு பந்தயத்தில் பணத்தை எப்படி நியாயமாகப் பிரிப்பது என்பதுதான் கேள்வி. அந்தக் கடிதங்களிலிருந்து நிகழ்தகவு என்ற பாடம் வளர்ந்தது. பிறகு சுவிட்சர்லாந்தில் யாக்கோப் பேர்னூலி என்பவர் பல வருடம் உழைத்து ஒரு விதியை நிறுவினார். அவர் இறந்து எட்டு வருடம் கழித்து, 1713இல் அந்த நூல் வெளிவந்தது. அவர் சொன்னது இதுதான்: ஒரு தடவை என்ன விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் ஆயிரம் தடவை, இலட்சம் தடவை என்று போகப் போக, விழும் வீதம் அதற்குரிய சராசரியை நெருங்கும். இதற்குப் பெரும் எண்களின் விதி என்று பெயர்.

இந்த விதியைத்தான் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். "கடைசியில் சரிசமமாகும் என்றால், வராதது இனி வரத்தானே வேண்டும்?" என்பது அவர்களுடைய கேள்வி. அதற்கு ஒரு கைதி பதில் வைத்திருக்கிறார்.

ஜோன் கெரிச் தென்னாபிரிக்காவில் கணிதம் படிப்பித்தவர். 1940இல் டென்மார்க்கில் உறவினர் வீட்டில் இருந்தபோது ஜேர்மன் படை உள்ளே வந்தது. அவரைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். முகாம் வாழ்க்கை என்றால் என்ன என்று நம் மாவட்டத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நாள் போகாது, நேரம் நகராது. கெரிச் ஒரு நாணயத்தை எடுத்துச் சுண்டத் தொடங்கினார். 10,000 தடவை சுண்டி, ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார். யுத்தம் முடிந்த பிறகு 1946இல் அதைப் புத்தகமாகவும் போட்டார்.

முதல் 10இல் தலை 4. முதல் 100இல் 44. முதல் 1,000இல் 502. 10,000இல் 5,067.

இதைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். வீதத்தைப் பாருங்கள்: 40, 44, 50.2, 50.67. பாதியை நெருங்கி வந்துவிட்டது. இப்போது எண்ணிக்கையைப் பாருங்கள். 10இல் சரிபாதிக்கு ஒன்றுதான் குறைவு. 10,000இல் சரிபாதியைவிட 67 கூட. நாணயம் யாருக்கும் கடன் திருப்பிக் கொடுக்கவில்லை. முந்தி விழாததை ஈடுசெய்யப் பிந்தி விழவும் இல்லை. எண்ணிக்கை பெருகப் பெருக, 67 என்ற வித்தியாசம் பத்தாயிரத்துக்கு முன்னால் சின்னதாகிவிட்டது. சராசரி வருவது இப்படித்தான். பழைய கணக்கை அது தீர்ப்பதில்லை, புதிய கணக்குக்குள் கரைத்துவிடுகிறது.

அப்படியென்றால் இந்தச் சராசரி யாருக்கு உதவும்? எண்ணிக்கை பெரிதாக வைத்திருப்பவருக்கு. டிக்கட் வாங்குபவர் கையில் ஒன்று, இரண்டு. விற்பவர் கையில் இலட்சக்கணக்கு. வாங்குபவர் அதிர்ஷ்டத்தில் இருக்கிறார், விற்பவர் சராசரியில் இருக்கிறார். மொன்டே கார்லோ வகை ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள் உண்டு. சிவப்பும் இல்லாத, கறுப்பும் இல்லாத பூச்சியம் ஒன்றே ஒன்று. அந்த ஒரு குழியால் மண்டபத்துக்குக் கிடைப்பது நூற்றுக்கு 2.7. அது போதும். களவு செய்யத் தேவையே இல்லை.

சராசரி வாங்குபவர் பக்கம் சாய்ந்த கதையும் உண்டு. 1729இல் பிரான்ஸ் அரசு லொத்தர் ஒன்றை நடத்தியபோது கணக்கைப் பிழையாகப் போட்டுவிட்டது. எல்லா டிக்கட்டின் விலையையும் கூட்டினால் பரிசுத் தொகையைவிடக் குறைவு. லா கொந்தமீன் என்ற கணித அறிஞர் அதைக் கண்டுபிடித்தார். எழுத்தாளர் வோல்டேரும் இன்னும் சிலரும் அவரோடு கூட்டுச் சேர்ந்து டிக்கட்டுகளை அள்ளி வாங்கிப் பணக்காரராகினார்கள். அரசு விழித்துக்கொண்டு லொத்தரையே நிறுத்தியது. சராசரி தனக்கு எதிராகப் போனால் எந்த லொத்தரும் நடக்காது. நடக்கிறது என்றால் அது யார் பக்கம் என்று விளங்கிக்கொள்ளலாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் 1889இல் 17ஆம் இலக்க சூதாட்டக் கட்டளைச் சட்டம் வந்தது. தெருவிலும் பொது இடத்திலும் காசு கட்டி விளையாடுவது குற்றம். ஆனால் துரைமாருக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. 1893இல் கொழும்பு கறுவாத்தோட்டத்தில் குதிரைப் பந்தயத் திடல் திறக்கப்பட்டது. தெருவில் தாயம் உருட்டினால் பொலிஸ், திடலில் குதிரைமேல் கட்டினால் கனவான். 'சுவீப்' என்று நாம் சொல்லும் சொல்லே அந்தத் திடலிலிருந்து வந்ததுதான். எல்லோரும் கட்டிய பணத்தை வென்றவர் ஒருவர் கூட்டி அள்ளிக்கொண்டு போவதற்கு ஆங்கிலத்தில் சுவீப்ஸ்டேக் என்று பெயர். 1956இல் கொழும்புப் பந்தயம் நின்றுபோனது. சொல் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.

1950களில் அரசே லொத்தரைக் கையில் எடுத்தது. முதலில் வைத்தியசாலைகளுக்குப் பணம் சேர்க்க என்று நடந்தது. பிறகு 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தால் தேசிய லொத்தர் சபை உருவானது. 1980களில் அபிவிருத்தி லொத்தர் வந்தது. 1997இல் அது தனிச் சட்டத்தோடு சபையாகியது. அதன் வருமானம் ஜனாதிபதி நிதியத்துக்கும் மகாபொல புலமைப்பரிசில் நிதியத்துக்கும் போகிறது.

மகாபொல என்றதும் எங்கள் பேச்சு கொஞ்சம் தடுமாறும். எங்களிடம் படித்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகளில் மகாபொல எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காசு இல்லாவிட்டால் விடுதிச் சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்டிருப்பார்கள். ஆகவே லொத்தரால் ஒரு நன்மையும் இல்லை என்று சொன்னால் அது பொய். முன்னே சொன்ன ஒட்டக இறைச்சியை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் ஏழைக்குப் பங்கு போனது. கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பங்கு யாருடைய சட்டைப் பையிலிருந்து வந்தது என்பது. ஒட்டகத்துக்கு விலை கொடுத்தவர்கள் கோத்திரத்தில் வசதியுள்ளவர்கள். பஸ் தரிப்பிடத்தில் டிக்கட் வாங்குபவர்கள் யார் என்று நாம் தினமும் பார்க்கிறோம். கூலி வேலைக்குப் போகிறவர், மேசன் வேலைக்குக் கையாளாகப் போகிறவர், வாவியில் வலை போடுகிறவர், ஓட்டோ ஓடுகிறவர். ஏழை வீட்டுப் பிள்ளையின் புலமைப்பரிசிலில் இன்னோர் ஏழையின் தேநீர்க் காசும் இருக்கிறது. 'கொவிசெத' என்று ஒரு டிக்கட். விவசாயிக்கு நலம் என்று அர்த்தம். படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எந்த வருடம் அந்த நலம் வந்தது என்று.

கடலுக்கு அப்பால் இரண்டு மாநிலங்களுக்கும் இதே சங்கடம் வந்தது. கேரளாவில் நிதியமைச்சர் பி. கே. குஞ்ஞு 1967இல் அரச லொத்தரைத் தொடங்கினார். ஒரு ரூபாய் டிக்கட், முதல் பரிசு 50,000 ரூபாய். இன்றுவரை நடக்கிறது. தமிழ்நாட்டில் 1968இல் அண்ணாதுரை ஆட்சியில் தொடங்கினார்கள். விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று விளம்பரம். இடையில் நிறுத்தினார்கள், திரும்பத் தொடங்கினார்கள், கடைசியில் 2003இல் ஜெயலலிதா அரசு முற்றாகத் தடை செய்தது. அன்றாடங்காய்ச்சிகளின் குடும்பங்கள் அழிகின்றன என்பதுதான் தடைக்குச் சொல்லப்பட்ட காரணம். பக்கத்துப் பக்கத்து மாநிலம், ஒரே தராசு, ஆனால் இரண்டு தீர்ப்பு.

அந்த மகனின் கதைக்குத் திரும்புவோம்.

சில நாள் கழித்து அவருடைய தகப்பனாரே எங்களைத் தேடி வந்தார். கையில் ஒரு கொப்பி. பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய 120 பக்கக் கொப்பிதான். உள்ளே திகதி வாரியாக சுவீப் முடிவுகள், வடிவான கையெழுத்தில்.

"கணக்குப் படிப்பிக்கிற ஆள் நீங்க. இதுக்குள்ள ஒரு ஒழுங்கு இரிக்கு சேர். அதக் கண்டுபிடிச்சித் தாங்க" என்றார்.

நல்ல மனிதர், வேலைக்குக் கள்ளமில்லாதவர். அந்தக் கொப்பியில் அவர் போட்டிருந்த உழைப்பைப் பார்த்து எங்களுக்கு மனம் பாரமாகிவிட்டது. தனக்கு விழுந்த சின்னச் சின்னப் பரிசுகளை எல்லாம் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தார். எத்தனை டிக்கட் வாங்கினார் என்ற கணக்கு ஒரு பக்கத்திலும் இல்லை.

அவரோடு இருந்து கணக்குப் பார்த்தோம். ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கமும் அப்படியே ஒத்துவர வேண்டிய டிக்கட் என்றால், 26ஐ 10 இலட்சத்தால் பெருக்க வேண்டும். 2 கோடி 60 இலட்சம் விதம். இலங்கையில் பிறந்த குழந்தை முதல் எல்லோருக்கும் வேறு வேறு டிக்கட் ஒவ்வொன்று கொடுத்தாலும் மிச்சம் இருக்கும். நாளுக்கு ஒன்று எடுத்தால், எல்லா விதத்தையும் எடுத்து முடிக்க 71,000 வருடத்துக்கு மேல். நாளுக்கு இரண்டு டிக்கட், 80 ரூபாய். வருடத்துக்கு 29,200 ரூபாய். உலகத்தில் பல அரச லொத்தர்களில் விற்ற காசில் ஏறத்தாழப் பாதிதான் பரிசாகத் திரும்புகிறது. அந்தப் பாதியிலும் பெரும் பங்கு யாரோ ஒரு சிலருக்கு.

பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நீங்க சொல்ற கணக்கு சரி சேர். ஆனா நான் எடுக்காட்டி விழவே விழாதுதானே?"

உண்மையைச் சொன்னால், அதற்கு எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. அவர் சொன்னதும் சரிதான். எடுக்காதவருக்கு விழாது. யாரோ ஒருவருக்கு ஒவ்வொரு கிழமையும் விழத்தான் செய்கிறது. அவருடைய படம் பத்திரிகையில் வருகிறது. விழாத இலட்சம் பேரின் படத்தை யாரும் போடுவதில்லை. நாள் முழுக்க வெயிலில் நிற்கிற மனிதன் இராத்திரி முடிவு வரும் வரைக்கும் ஒரு வீடு கட்டிப் பார்க்கிறான், ஒரு கடனை அடைத்துப் பார்க்கிறான். அந்த 40 ரூபாய்க்கு அவன் வாங்குவது அதைத்தான். ஏசுவதற்கு எங்களுக்கு என்ன உரிமை?

ஆனால் ஒன்று கேட்டோம். "வீட்டில் சீட்டுப் பிடிக்கிறார்களா?"

"ஓம் சேர். மனிசி பிடிக்கிற. பத்துப் பேர், மாசம் அஞ்சாயிரம்."

"குலுக்கித்தானே எடுக்கிறது?"

"ஓம், துண்டு போட்டு."

பாருங்கள், இரண்டும் குலுக்கல்தான். இரண்டிலும் அதிர்ஷ்டம் உண்டு. சீட்டில் முதல் மாதமே பெயர் விழுந்தால் 50,000 கையில், கடைசியில் விழுந்தால் பத்து மாதம் பொறுக்க வேண்டும். அதிர்ஷ்டம் முந்துவதிலும் பிந்துவதிலும் மட்டும்தான். போட்ட ஐந்தாயிரங்கள் ஒன்றும் குறையாமல் எல்லோருக்கும் திரும்புகின்றன. நடுவில் எடுத்துக்கொள்ள யாரும் இல்லை. நம் பெண்கள் எந்தப் புத்தகமும் படிக்காமல், எண்ணிக்கைக்குப் பயப்படாத ஒரு குலுக்கலை வீட்டு முற்றத்தில் வைத்து நடத்திக்கொண்டிருக்கிறார்கள். குலுக்கலைப் பற்றி எங்களுக்குப் பயமில்லை. குலுக்குகிறவர் ஒவ்வொரு தடவையும் பாதியை எடுத்து வைக்கிறாரா என்பதுதான் பார்க்க வேண்டியது.

தகப்பனாரிடம் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தோம். எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் கீறிக் கொடுத்தோம். "வாங்கிய டிக்கட்டையும் இதில் எழுதுங்கள். மூன்று மாதம் எழுதிவிட்டுக் கூட்டிப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னோம். யோசித்துக்கொண்டு போனார். மூன்று மாதம் இன்னும் ஆகவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், டிக்கட்டாவது தெரிகிற பொருள். கையில் எடுத்தால் பாரம் தெரியும். இப்போது இளம் பொடியன்மார் கிரிக்கெட் பந்துக்குப் பந்து போனில் காசு கட்டுகிறார்கள். டிக்கட் நாளுக்கு ஒரு தடவை என்றால், போனில் ஒரு மணித்தியாலத்துக்குள் ஐம்பது தடவை. பேர்னூலியின் விதியை மறந்துவிடாதீர்கள். எத்தனை தடவை கூடுகிறதோ, அவ்வளவு சீக்கிரம் சராசரி வந்து சேரும். அந்தச் சராசரி அவர்கள் பக்கத்தில் இல்லை. தருமருக்குக்கூட ஒவ்வோர் உருட்டலுக்கும் நடுவில் யோசிக்கக் கொஞ்சம் நேரம் இருந்தது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையை அடிக்க வேண்டாம், போனைப் பறித்து உடைக்கவும் வேண்டாம். பக்கத்தில் இருத்தி ஒரு கொப்பியில் இரண்டு நிரல் கீறுங்கள். வந்தது ஒரு பக்கம், போனது ஒரு பக்கம். கூட்டலை பிள்ளையே செய்யட்டும். கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் எங்களிடம் அனுப்புங்கள், பின்னேரங்களில் நிற்போம்.

பிழை இருந்தால் திருத்துங்கள். ஊரில் பழைய சுவீப் கதைகள், குதிரைப் பந்தயக் கதைகள் தெரிந்த பெரியவர்கள் கீழே எழுதினால் எங்களுக்கும் பிரயோசனமாக இருக்கும்.